பவளத்தின் இடது காது

சனசமூக நிலையத்தின் நீள மேசையில் பவளம் மல்லாந்து கிடந்தது. மயக்கம் இன்னும் தெளியவில்லை. நாக்கின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. வயிற்றோரத்தில் மயிர் மழித்து, வெட்டி, எடுக்க வேண்டியதை எடுத்து, தைத்தும் முடிந்திருந்தது. இனிமேல் அது குட்டி போடாது.

வெளியே நல்ல மழை. மண்டபத்துக்குள் டெட்டோல் வாசம். அதை மீறிக்கொண்டு கருவாட்டு வாசம், ஏனென்றால் வந்திருந்தவர்கள் எல்லோரும் கருவாட்டைக் காட்டித்தான் பூனையைப் பிடித்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்களின் கைகளில் வெங்காயச் சாக்கு, தலையணை உறை, மூடி போட்ட மீன் கூடை, யாரோ ஒரு பிள்ளையின் பழைய புத்தகப்பை. எல்லாவற்றுக்குள்ளும் பூனை.

மிருக வைத்தியர் ஓர் இளம் சிங்களப் பெண். அவர் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு பவளத்தின் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அவருக்குத் தெரிந்த தமிழிலும் எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் விஷயம் விளங்கியது. சத்திரசிகிச்சை முடிந்த பூனைக்கு இடது காதின் நுனியில் ஒரு துண்டு வெட்டிவிடுவார்கள். மயக்கத்தில் வலி தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தாலே இதற்கு முடிந்துவிட்டது என்று தெரியும், மறுபடி யாரும் பிடிக்க மாட்டார்கள்.

நான் வேண்டாம் என்றேன். இது வீட்டுப் பூனை, தெருவில் திரிவது இல்லை, என் பூனையை எனக்குத் தெரியாதா என்றேன். அவர் இரண்டாவது தடவையும் கேட்டார்.

"மூளியாயிடும் டொக்டர். பொம்பளப் புள்ள."

அவருக்கு 'மூளி' விளங்கியிருக்காது. ஆனால் என் முகம் விளங்கியிருக்கும். தோளைக் குலுக்கிவிட்டுக் கத்தரியை வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்மணி நலீமா தாத்தா எனக்குத் துணைக்கு வந்து தலையணை உறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்தத் தொடரில் சென்ற கிழமை நான் வேலை பார்த்த பள்ளிக்கூட அலுவலகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "அம்மணி தன்னுடைய நல்ல குணங்களை மட்டுமே நினைவு வைத்திருக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். குசும்புக்காரர். ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை. இந்தக் கிழமை அவருக்காக.

ஈர்க்குக் காது

முதலில் இந்த மூளி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது புசல்லாவையிலிருந்து வரும் பஸ்ஸில் என் இரண்டு தோடுகளில் ஒன்று தொலைந்துபோனது. மற்றதையும் அம்மா கழற்றி வைத்துவிட்டார். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று தென்னை ஈர்க்கைத் துண்டு துண்டாக நறுக்கிக் காதில் செருகி விட்டார். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போனேன்.

தோடில்லாத காது மூளிக் காது, அதனால் வகுப்பில் என் பெயர் மூளி. வாத்தியார் பெயர் கூப்பிடும்போதுகூடப் பின்வாங்கிலிருந்து ஒருத்தி அந்தப் பெயரைச் சொல்லுவாள். மழையில் நனைந்தால் ஈர்க்கு ஊறிக் காது விண் விண் என்று வலிக்கும். கண்டியில் மழைக்குக் குறைவில்லை.

இப்போது எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கும் தோடில்லாமல் தபால்காரர் முன்னால்கூட நிற்க மாட்டேன். அந்த நினைப்பை ஒரு பூனையின் காதில் கொண்டுபோய் மாட்டினேன். பூனைக்கு மூளியும் தெரியாது, தோடும் தெரியாது. தெரிந்தது எனக்குத்தான்.

முட்டை என்று சொல்லி பஸ் ஏறியவை

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். நல்ல மனிதர். ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போவார். ஆனால் வீட்டுப் பூனை குட்டி போட்டால், குட்டிகள் கண் திறந்த கையோடு அவற்றை ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டுச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு கெலிஓயா பஸ் ஏறிவிடுவார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். பெட்டி என் மடியில் இருந்தது. உள்ளே பிறாண்டுவது தொடையில் தெரிந்தது. கண்டக்டர் பெட்டியில் என்ன என்று கேட்டார். அப்பா முட்டை என்றார். அந்த முட்டை கத்தியதைக் கண்டக்டரும் கேட்டார். ஆனாலும் சிரிக்காமல் டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவர் வீட்டிலும் அதே வேலை நடந்திருக்கும்.

கெலிஓயாவில் மீன் கடைகளுக்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். "மீன் கடை இருக்கு, பொழச்சுக்கும்" என்பார் அப்பா. நானும் பல வருடம் அதை நம்பினேன். கல்யாணமாகி கண்டியில் அம்பிட்டிய ஏற்றத்தில் இப்போதிருக்கும் ஒழுங்கைக்கு, இந்தப் படிக்கட்டுச் சந்துக்கு, குடிவந்த பிறகு, நானும் இரண்டு தடவை அப்படிப் பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறேன். நாங்கள் மட்டுமில்லை. சிலர் விகாரை வாசலில் வைப்பார்கள், சிலர் பள்ளிக்கூட மதிலோரம் வைப்பார்கள். கொன்றால்தான் பாவம், விட்டுவிட்டு வந்தால் பாவமில்லை என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, எங்கள் ஒழுங்கையின் கீழ்ப்படியில் ஒரு பெட்டி இருந்தது. நனைந்து ஊறிப்போயிருந்தது. பெட்டியின் பக்கத்தில் கெலிஓயாவிலிருக்கும் ஒரு பலசரக்குக் கடையின் பெயர் அச்சடித்திருந்தது. நாங்கள் அங்கே வைக்கிறோம், அவர்கள் இங்கே வைக்கிறார்கள். மீன் கடை இருக்கிற ஊர்க்காரர்களே எங்களை நம்பி அனுப்பியிருந்தார்கள்.

உள்ளே மூன்று குட்டிகள் இருந்தன. இரண்டு அன்றைக்கே செத்துப்போயின. மூன்றாவதுதான் பவளம். சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி, பின்னங்கால் ஒன்றில் ஒரே ஒரு விரல் மட்டும் வெள்ளை.

பவளம் என்று நான் பெயர் வைத்தபோது எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் மழை நாட்களில் அது இன்டர்நெட் பெட்டிக்கு மேலே சூட்டுக்காக ஏறிப் படுத்துக்கொண்டால், தொடர்பு அறுந்துபோனாலும் அதை எழுப்ப மாட்டார். செய்தியை அப்புறம் பார்க்கலாம் என்பார். நலீமா தாத்தா வீட்டில் அதற்கு சீனி என்று பெயர். அங்கே ஒரு தட்டு, இங்கே ஒரு தட்டு. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. நலீமா தாத்தா என்னைவிட ஐந்து வயது மூத்தவர், என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரர்.

தெருவில் திரிவது இல்லை என்று நான் டொக்டரிடம் சொன்னது எவ்வளவு உண்மை என்று இதிலிருந்தே தெரியும்.

மேல்படி ஐயா

எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடுகள். அடியிலிருந்து உச்சி வரை படிக்கட்டுத்தான். உச்சியில் தனி வீட்டில் இருப்பவர் சிவபாதம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் செய்யாதவர். நில அளவை அலுவலகமொன்றில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்துதான் செய்வார். அவர் வீட்டில் அந்தூரியம் பூச்சட்டிகள் இருக்கும் வரிசைக்கு நூல் பிடித்துப் பார்த்தாலும் ஒரு சட்டி விலகியிருக்காது.

அந்தச் சட்டிகள்தான் பிரச்சினையின் ஆரம்பம். தென்னந்தும்பும் கரியும் போட்டு அவர் பொலபொலவென்று வைத்திருக்கும் சட்டிகள், ஒழுங்கையின் அத்தனை பூனைகளுக்கும் கக்கூஸ். ஒரு நாள் அவர் படியிறங்கி ஒவ்வொரு வீடாக வந்து, உங்கள் வீட்டுப் பூனை எது என்று கேட்டார். எல்லோரும் கை விரித்தார்கள். சோறு வைப்பது உண்மை, ஆனால் எங்களுடையது இல்லை என்றார்கள். கேட்டு முடித்துவிட்டு, பதின்மூன்று பூனை இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கும் ஆளில்லை என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம்.

எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நலீமா தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. இவற்றைப் பிடித்த இடத்துக்கு வேறு பூனை வரும், செத்த குட்டிகளை அடக்கம் பண்ணுகிற வேலைதான் மிஞ்சும், குட்டி போடாமல் பண்ணுவதுதான் ஒரே வழி என்றார். அவருடைய மருமகன்தான், ஒரு குழுவினர் இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்ய வருகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தார். அப்படித்தான் முதல் தடவை சனசமூக நிலையத்துக்கு நாங்கள் போனது. அந்த முறை கையில் சிக்கியது பவளத்தோடு நாலே நாலு பூனைதான். மற்றவை பிறாண்டிவிட்டு ஓடிவிட்டன.

சீஆர் கொப்பி

அதன் பிறகு விஷயத்தைச் சிவபாதம் ஐயா கையில் எடுத்துக்கொண்டார். பூனை மேல் வந்த பாசம் இல்லை. ஒரு வேலை அரைகுறையாக நிற்பதை அவரால் பார்க்க முடியாது.

பூனை பிடிக்கும் கூண்டுக்கு அளவுப்படியே படம் வரைந்தார். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று இரண்டு தாள். இரும்பு ஒட்டு வேலை செய்பவர், பாலம் கட்டுவதற்குக்கூட இப்படிப் படம் வராது என்று சிரித்தாராம். ஆனால் கூண்டு அருமையாக அமைந்தது. பூனை உள்ளே போய்ப் பலகையை மிதித்தால் கதவு சத்தமில்லாமல் விழும்.

பிறகு ஒரு பெரிய சீஆர் கொப்பி, தடித்த அட்டை போட்ட நோட்டு, வாங்கிக் கோடு போட்டு, வீடு வீடாக வந்து பூனைகளைப் பதிந்தார். இந்தத் தடவை ஒருவரும் கை விரிக்கவில்லை. காலை ஏழரைக்கும் மாலை ஐந்தரைக்கும் மட்டும் சோறு வைப்பது, அரை மணியில் தட்டை எடுத்துவிடுவது, மீன் தலையைத் திறந்த வாளியில் போடாமலிருப்பது, வருடத்துக்கு ஒருமுறை விசர்நோய்த் தடுப்பூசி என்று எல்லாம் பேசி முடிவாயிற்று. பூனை பிடிக்கும் நாளில் வீட்டுப் பூனைகளை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்ற அறிவித்தலை நான்தான் எழுதி மின்கம்பத்தில் ஒட்டினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் சான்றிதழ்களெல்லாம் நான் எழுதியவைதான்.

அவர் எங்கள் வீட்டுக்குப் பதிய வந்த மாலை நான் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கதவு நிலையில் நின்றபடி கேட்டார். நிறம்? சாம்பல் வரி. ஆணா பெண்ணா? பெட்டை. சத்திரசிகிச்சை? முடிந்தது. கொப்பியில் அடுத்த நிரலின் தலைப்பு, "இடது காது". அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. முடிந்த பூனைக்கு வெட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தானே ஒரு சரி போட்டார்.

நான் அதைப் பார்த்தேன். ஐயா, அதுக்கு வெட்டலீங்க என்று நாலு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார், மூளிக் கதையை அவருக்கு விளக்க வேண்டும், அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்ப்பார். தோசையைத் திருப்பிப் போட்டேன்.

காதைப் பார்த்துப் பிடித்தது

ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் குழு மறுபடி வந்தது. ஒழுங்கையில் அப்போது சாம்பல் வரிப் பூனைகளே ஐந்து இருந்தன. மற்ற நாலும், பின்வீட்டுக் கூரையில் திரியும் தலை பெருத்த கடுவன் பூனையின் வாரிசுகள். காதைப் பார்க்காவிட்டால் எது எதுவென்று சொல்ல முடியாது.

அந்த வார இறுதியில் என் தங்கை மகளின் சடங்குக்காக நான் புசல்லாவைக்குப் போயிருந்தேன். பவளத்தை உள்ளேயே வைத்திருக்கும்படி வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவர் முட்டை பொரித்தார், புகை சூழ்ந்தது, சமையலறை ஜன்னலைத் திறந்தார். பவளம் போய்விட்டது. எப்படியும் வந்துவிடும் என்று அவர் இருந்துவிட்டார்.

ஞாயிறு மாலை பலகாரப் பொட்டலத்தோடு படியேறி வந்தேன். எங்கள் வாசலில் சிவபாதம் ஐயா நின்றார். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஏதோ இருந்தது. நலீமா தாத்தா, கீழ்வீட்டுப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் சுவரோரம் குந்தியிருந்தார்.

"தங்கச்சி, இது உங்கட பூனையோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. உங்கட மனுசன் அடையாளம் சொல்லுறார், எனக்கு நம்பேலாமல் கிடக்கு."

சிவபாதம் ஐயா துணியை விலக்கினார். நான் முதலில் பார்த்தது வெள்ளை விரலைத்தான்.

யார் பிடித்தது என்று கேட்டேன். நான்தான் என்றார். அத்தனை பேர் முன்னால் நான் அவரிடம் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் எழுதுகிறேன்.

"கண்ணு தெரியலையா ஒங்களுக்கு? அஞ்சு வருசமா எங்க வீட்டுல வளருது."

அவர் கோபப்படவில்லை.

"காது முழுசா இருந்தது, தங்கச்சி. அதைப் பாத்துத்தான் பிடிச்சனான்."

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் அழத் தொடங்கினேன். அழுதது பொய்யில்லை. ஆனால் அழுகிறவளிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். மயிர் நன்றாக வளர்ந்து பழைய தழும்பை மூடியிருந்தது. மழித்தபோது தெரிந்த மெல்லிய கோடு சண்டைக் காயம் போல இருந்திருக்கிறது. இந்த முறை வந்த டொக்டர் வேறு ஒருவர். திறந்து பார்த்தால் கர்ப்பப்பை இல்லை. உடனே தைத்திருக்கிறார். ஆனால் பவளம் மூன்று நாளாகத் தும்மிக்கொண்டிருந்த பூனை. வீட்டுக்காரி கொண்டுபோயிருந்தால் அதைச் சொல்லியிருப்பாள். மயக்கத்திலிருந்து அது எழும்பவில்லை.

பவளத்தைச் சிவபாதம் ஐயா தன் வீட்டு வளவிலேயே அடக்கம் செய்தார். எங்கள் வீட்டைச் சுற்றி முழுக்கச் சீமெந்து.

மூன்று கிழமைத் தேநீர்

அடுத்த நாள் காலை, கூண்டைக் கழுவித் துடைத்து, மேலே கொப்பியை வைத்து எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். இனித் தன்னால் இதைச் செய்ய முடியாது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றார். கூண்டை வீட்டுக்காரர் மாடிப்படிக்குக் கீழே தள்ளினார். கொப்பியை நான் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். திறந்து பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் ஒரு தேநீரை ஊற்றிக்கொண்டு மேலே ஏறினேன். சனங்கள் முன்னால் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அது விதி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஆறுதல் சொன்னேன். அவர் அந்தூரியத்துக்குத் தும்பு பிய்த்துக்கொண்டிருந்தார். ஒரு அளவை அளக்காமல் எழுதினால் பிறகு அதிலே கட்டுகிற எல்லாமே பிழைதான் என்றார். கொப்பியில் காது நிரலில் பார்க்காமல் சரி போட்டது தன் பிழையாம். காது வெட்ட மறந்தது அந்தக் குழுவின் பிழையாக இருக்கலாம், ஆனால் தான் குனிந்து ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். நாற்பது வருடம் படம் வரைந்த மனிதர், இதைச் சொல்லும்போது அவர் கை நின்றுவிட்டது.

நான் தேநீரை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாளும் கொண்டுபோனேன். அதற்கடுத்த நாளும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள். போகும்போதெல்லாம் இன்று சொல்லிவிடுவது என்று படியேறுவேன். அவர் கோப்பையை வாங்கி, "ஏன் தங்கச்சி வீணாக் கஷ்டப்படுறியள்" என்பார். சீனி கூடச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருக்கும். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இதற்கிடையில் ஒழுங்கை பழையபடி ஆனது. தட்டுகளை யாரும் எடுக்கவில்லை. நாலு சாம்பல் வரிகளில் இரண்டுக்கு வயிறு தெரிந்தது. கீழ்வீட்டில் ஒருவர் பிஸ்கட் பெட்டி தேடிக்கொண்டிருந்தார். குழு மறுபடி வர இருக்கிறது என்று செய்தி வந்தபோது, சிவபாதம் ஐயா இல்லாமல் பிடிக்க முடியாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் நான் கோப்பையோடு புறப்படும்போது நலீமா தாத்தா தன் வாசலில் மறித்தார்.

"இண்டைக்கும் தேத்தண்ணி மட்டுமா கொண்டு போறீங்க, சரசு?"

நான் கோப்பையைச் சாயாமல் பிடித்துக்கொண்டேன்.

"அண்டைக்கு நான்தானே ஒங்களுக்குப் பக்கத்துல நிண்டன். என்ட காதால கேட்டன். அந்த மனிசன் தேஞ்சு போறார். நீங்கதான் வாயைத் திறந்து செல்ல வேணும். நான் செல்லப் போறல்ல."

கோப்பையை என் கையிலிருந்து வாங்கித் தன் மதிலில் வைத்துக்கொண்டார். வெறுங்கையோடு ஏறினேன்.

திருத்தம்

சிவபாதம் ஐயா சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. டொக்டர் கேட்டதையும் நான் வேண்டாமென்றதையும் சொன்னேன். ஈர்க்குக் காதைச் சொன்னேன். அவர் சரி போட்டதை நான் பார்த்ததையும், தோசையைத் திருப்பியதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே கேவலமாக இருந்தது.

அவர் வாளியைக் கீழே வைத்தார். கை கழுவினார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு எனக்கு முன்னால் படியிறங்கினார். எங்கள் வீட்டு வாசலில் நின்று கொப்பியைக் கேட்டார்.

அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கத்தைத் திருப்பி என் பக்கமாக நீட்டினார். பவளத்தின் வரி. அவருடைய அச்சுப் போன்ற எழுத்து. கடைசி நிரலில் எழுதியிருந்தது: "இரண்டாம் தடவை வெட்டப்பட்டு இறந்தது. பிழை: பார்க்காமல் குறித்த சிவபாதம்."

பூனை செத்த அன்றைக்கே எழுதியிருக்கிறார். மூன்று கிழமை அது என் சேலைகளுக்கு அடியில் இருந்திருக்கிறது.

பேனாவைத் திறந்து என்னிடம் தந்தார்.

"எனக்குத் தெரிஞ்சதை நான் எழுதினனான். உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்கள் எழுதுங்கோ."

அவர் பெயரை ஒரு கோட்டால் வெட்டினேன். "காது வெட்ட வேண்டாம் என்று சொன்னதும், தெரிந்தே பேசாமல் இருந்ததும் சரஸ்வதி" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கோணலாக நான் எழுதியதில்லை. அவர் அதைக் கடைசி எழுத்து வரை படித்தார்.

"மூண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி கொண்டந்து தந்தனீங்கள், தங்கச்சி."

கோபத்தோடு சொல்லவில்லை. சரிபார்ப்பதைப் போலச் சொன்னார். மாடிப்படிக்குக் கீழே குனிந்து கூண்டை இழுத்தெடுத்தார், கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே போனார்.

அடுத்த முறை வயிறு தெரிந்த இரண்டு உட்பட நாலு சாம்பல் வரிகளையும் பிடித்துவிட்டார். ஒழுங்கையில் இப்போது காது வெட்டாத பூனை இல்லை. புதிதாக ஏதாவது வந்தால் முதலில் அவருக்குத்தான் செய்தி போகும். கொப்பியில் காது நிரலுக்கு முன்னால் "நேரில் பார்த்தது" என்று இன்னொரு நிரல் இருக்கிறது. என்னைக் கண்டால் நல்லபடியாகப் பேசுவார், பூனைகளைப் பற்றி விசாரிப்பார், அறிவித்தல் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் தருவார்.

கூண்டு வைக்கிற நாட்களில் எங்கள் வாசலைத் தாண்டித்தான் இறங்குவார். நான் தேநீரோடு நிற்பேன். கோப்பையைப் பார்ப்பார், என்னையும் பார்ப்பார்.

"வேண்டாம் தங்கச்சி, இப்பதான் குடிச்சனான்."

ஒரு வருடத்துக்கு மேலாக இதையேதான் சொல்கிறார். நானும் ஊற்றாமல் இருந்ததில்லை.